இரண்டு அளவு பெரிய கோட்டு

சிகாகோ
அக்டோபர் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

பாப்பா எழுதுகிறேன். நானும் பரிதியும் சுகம். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? சர்க்கரை எவ்வளவு என்று எழுதுங்கள். “பரவாயில்லை” என்று எழுதவேண்டாம், எண்ணை எழுதுங்கள்.

ஃபோனை எடுத்துப் பேசாமல் இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை பேசினோமே, அதில் மட்டும் மூன்று தடவை கேட்டீர்கள். “குளிர் ஆரம்பிச்சுடுச்சா பாப்பா?” “இந்த வருஷம் கடுமையா இருக்கும்ங்கறாங்களே?” “ஸ்வெட்டர்லாம் எடுத்து வெச்சுட்டியா?” பதினோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், என் ஸ்வெட்டரைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் அண்ணிதான் சொன்னார்கள், யூனுஸ் அண்ணன் புரோக்கர் ஆபீஸில் கணக்குத் தொடங்கி நேச்சுரல் கேஸ் வாங்கி விற்கப்போகிறீர்களாம்.

இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு கேஸையோ எண்ணெயையோ எரித்துத்தான் சூடேற்றவேண்டும். குளிர் கடுமையானால் விலை ஏறும். இதமாகப் போனால் சரக்கு தேங்கி விலை விழும். இங்கே ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் உங்கள் ஊர் கேஸ் விலையும் ஏறி இறங்கும். எங்கள் கம்பெனி முதலீடு செய்வது இந்தக் கேஸிலும் எண்ணெயிலும். குளிர் எப்படி வரும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அதை வெளியே ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கட்டின புருஷன் பரிதியிடமே சொல்வதில்லை.

பரீட்சை ரிசல்ட் வந்த அன்று நான் “அண்ணே” என்றதுமே மார்க்கைச் சொன்ன ஆள் நீங்கள். என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆகவே குளிர்காலம் முடிகிற மார்ச் 31 வரைக்கும் ஃபோன் கிடையாது. கடிதம் என்றால் நான்கு தடவை படித்துப் பார்த்து அனுப்பலாம். வானிலை தவிர எல்லாம் எழுதுவேன்.

அண்ணிக்கு என் அன்பு.
குந்தவை


மன்னார்குடி
அக்டோபர் 18

பாப்பாவுக்கு அண்ணனின் ஆசிகள்.

இவ்விடம் எல்லாரும் சுகம், உன் கடிதத்தைப் படித்தபிறகு என் மனசு மட்டும்தான் சுகமில்லை. சர்க்கரை 190. போதுமா?

வானிலை இல்லாத கடிதமா? நம் வீட்டில் எவனாவது அப்படி எழுதியிருக்கிறானா? அப்பா சிங்கப்பூர் சித்தப்பாவுக்கு எழுதும்போது மழை பெய்ததா இல்லையா என்று முதலில் எழுதிவிட்டு, அப்புறம்தான் யார் செத்துப்போனார்கள் என்று எழுதுவார். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். இங்கே நல்ல மழை. சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. நம் உரக்கடையில் யூரியா வந்த அன்றைக்கே காலி. எனக்கு எந்தக் கம்பெனியும் வாய்ப்பூட்டுப் போடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் படிப்புக்காக இளையபெருமாளுக்குக் கிரயம் பண்ணிக் கொடுத்தோமே, வாய்க்கால் தலைப்பில் ஆறு மா, அந்த இரண்டு ஏக்கரை அவர் விற்கிறார். மகனோடு திருப்பூருக்குப் போய்விடுகிறாராம். கடைக்கே வந்து, “வைரக்கண்ணு, மொதல்ல ஒன்னத்தான் கேக்குறேன். தை முடியற வரைக்கும் வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பணம் கையில் இருக்கிறது. மீதிக்குத்தான் இந்தக் கேஸ். அண்ணனுக்குப் பேராசை என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த வரப்பைத் தாண்டித்தான் நம் மிச்ச வயலுக்குப் போகவேண்டியிருக்கிறது. பதினோரு வருடமாக அடுத்தவன் வரப்பில் நடக்கிறேன்.

‘நான் அனுப்புகிறேன்’ என்று மட்டும் ஆரம்பிக்காதே. தங்கச்சி காசில் வயல் வாங்கினான் என்று ஒருத்தன் பேசக்கூடாது. எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். குளிரா, இல்லையா? எழுதக்கூடாது என்றால் கடிதத்தின் மூலையில் ஒரு புள்ளி வை. குளிர் என்றால் புள்ளி. அண்ணன் புரிந்துகொள்வேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.
வைரக்கண்ணு


சிகாகோ
நவம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தான். சர்க்கரை 190 என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், நூறு மார்க்குக்கு நூற்றுத்தொண்ணூறு வாங்கியமாதிரி. ராத்திரிச் சோற்றை நிறுத்துங்கள்.

புள்ளி கிடையாது. மூலையில் ஏதாவது தென்பட்டால் அது காபிக் கறை.

அந்த வயலைக் கிரயம் பண்ணின அன்றைக்கு நான் பத்திர ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் வெளியே வந்து எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தீர்கள். உங்களுக்கு வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த வயலை விற்றுப் படித்த படிப்பு அண்ணே இது. இதை வைத்துக்கொண்டு என்னைத் திருட்டு வேலை பார்க்கச் சொல்கிறீர்களே. கோபம் கோபமாக வருகிறது. இன்னொரு தடவை கேட்டீர்கள் என்றால் கடிதமும் கிடையாது.

மற்றபடி விசேஷம் எதுவும் இல்லை. புதுக் கோட்டு ஒன்று வாங்கினேன். பழையது ஆறு வருடம் உழைத்தது, இனிமேல் போட முடியாது. கருநீலம். இரண்டு அளவு பெரியதாகப் பார்த்துப் பரிதிதான் எடுத்தார். மத்தியானமானால் தூக்கத்தில் கண் சொக்குகிறது. அண்ணி போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். இதை எழுதும்போதே வாய் ஊறுகிறது.

குந்தவை


மன்னார்குடி
நவம்பர் 21

அடி கெட்டிக்காரி!

சுகம் விசாரிக்கக்கூட எனக்கு இன்றைக்குப் பொறுமை இல்லை. எல்லாரும் நல்ல சுகம், நான் அதைவிடச் சுகம்.

புள்ளி கிடையாது, திருட்டு வேலை, கோபம் என்று மேலே நாலு வரி போட்டுவிட்டு, கீழே வைத்தாய் பார் கோட்டை! ஆறு வருஷமாக ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு அலைந்தவள் இந்த வருஷம் புதிது வாங்குகிறாள். அதுவும் இரண்டு அளவு பெரிசு. எதற்கு? உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட! உன் கம்பெனிக்காரன் நூறு தடவை படித்தாலும் பிடிக்க முடியாது. என் தங்கச்சியாச்சே.

அன்றைக்கே போய் ஏழு லாட் கேஸ் வாங்கிவிட்டேன். “எப்படிண்ணே இவ்வளவு தைரியமா எறங்குறீங்க?” என்றான் யூனுஸ். “தங்கச்சி சொல்லிட்டா” என்றேன். பாப்பா, அதைச் சொல்லும்போது என் மீசை தானாக மேலே போனது. ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “அமெரிக்காவுல வானிலை நிபுணர்னா சும்மாவா” என்று ஒருத்தர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார்.

பூர்ணிமா கோட்டு விஷயத்தைப் படித்துவிட்டு ஒரு மாதிரி சிரித்தாள். அவளுக்கு மார்க்கெட்டைப் பற்றி என்ன தெரியும். ஊறுகாய் அவளே கட்டி அனுப்புகிறாளாம். தையில் நம் வயலில் நாம் நிற்போம்.

வைரக்கண்ணு


ஊறுகாய்ப் பொட்டலத்துக்குள்
நவம்பர் 21

அன்புள்ள குந்தவைக்கு,

அண்ணி எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள் என்பதை இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே எழுதுகிறேன்.

உங்க அண்ணன் கோட்டைப் படித்தார். நான் மத்தியானத் தூக்கத்தையும் நார்த்தங்காயையும் படித்தேன். எத்தனை மாசம்? போன இரண்டு தடவையும் எங்களிடம் சொன்ன கையோடு கலைந்துபோனது, அந்தப் பயத்தில்தானே வாயைத் திறக்காமல் இருக்கிறாய்? எனக்குப் புரிகிறது. நீ சொல்லச் சொல்லும்வரை உங்க அண்ணனிடம் மூச்சு விடமாட்டேன். அவர்பாட்டுக்கு ஏதோ லாட்டு கீட்டு என்று குதித்துக்கொண்டிருக்கிறார், குதிக்கட்டும்.

ஊறுகாயை ஒரே நாளில் தின்றுவிடாதே.
பூர்ணிமா


சிகாகோ
டிசம்பர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் கண்ணில் படாமல் இருக்கத்தான் நீங்கள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். நான் சுகம். இப்போது இரண்டு பேரும் சுகம் என்று எழுதலாம். ஆறாவது மாதம் நடக்கிறது. ஸ்கேனில் கையைத் தூக்கி ஆட்டியது அண்ணி. இந்த வாரம் அண்ணனுக்கு எழுதலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் கடிதமும் உங்கள் பொட்டலமும் சேர்ந்து வந்தன.

அவரிடம் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கோட்டு வயிற்றுக்கு வாங்கியது, குளிருக்கு இல்லை என்று தெரிந்தால் அண்ணன் ஓடிப்போய் எல்லாவற்றையும் விற்றுவிடுவார். விற்றால் அவருக்கு நல்லதா கெட்டதா என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அந்த அபிப்பிராயத்துக்குத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. அது எந்தப் பக்கம் என்று உங்களுக்கும் எழுதமாட்டேன். குழந்தை உண்டான செய்தியைச் சொல்ல யாரும் தடுக்கமுடியாது, தெரியும். ஆனால் இப்போது சொன்னால் அதைச் செய்தியாகச் சொல்கிறேனா, அண்ணனை ஒரு பக்கம் தள்ளுவதற்காகச் சொல்கிறேனா? என்னாலேயே உறுதியாகச் சொல்லமுடியவில்லை. அப்படிச் சந்தேகம் இருக்கிறபோது வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். அவர் அந்த வியாபாரத்தை விட்டு வெளியே வரட்டும், அன்றைக்கே சொல்கிறேன்.

உலகத்திலேயே முதலில் அண்ணனிடம்தான் சொல்ல ஆசைப்பட்டேன். எழுதும்போதே அழுகை வருகிறது. இவள் என்ன கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதீர்கள் அண்ணி.

குந்தவை


மன்னார்குடி
டிசம்பர் 30

குந்தவைக்கு,

சுகம். சுகமறிய.

டிசம்பர் முதல் வாரமே விலை சரிய ஆரம்பித்தது. தங்கச்சி சொல்லியிருக்கிறாள் என்று கையில் இருந்ததையும் உள்ளே போட்டேன். 22ஆம் தேதி யூனுஸ் கூப்பிட்டு, “அண்ணே, நீங்க ஈடா கட்டுன மார்ஜின் பணம் தீர்ந்துபோச்சு, எல்லா லாட்டையும் வித்து முடிச்சுட்டேன்” என்றான். நான் வாங்கும்போதே உலகம் முழுக்கக் குளிரை எதிர்பார்த்து விலையை ஏற்றி வைத்திருந்ததாம். குளிர் வரவில்லை என்றதும் விழுந்துவிட்டது. மேட்டூர் திறப்பார்கள் என்று குடோன் நிறைய யூரியா அடுக்கிவைத்து, தண்ணீர் வராமல் போன வருஷம் நான் முழித்தேனே, அதேதான். ஆனால் அப்போது யூரியாவாவது கண்முன்னால் இருந்தது.

வயலுக்கு வைத்திருந்ததில் முக்கால்வாசி போய்விட்டது. பூர்ணிமாவும் நான்கு நாளாக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இளையபெருமாளைத் தேடி வேறு பார்ட்டி வந்துபோகிறது.

கோட்டு எதற்கடி வாங்கினாய்? அதை மட்டும் எழுது.

வைரக்கண்ணு


சிகாகோ
ஜனவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

அவசரம் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அதற்குப் பதில் எழுதாமல் விடாதீர்கள்.

முதலில் கோட்டு. அது வயிற்றுக்கு, அண்ணே. ஏழாவது மாதம். நீங்கள் தாய்மாமன் ஆகப்போகிறீர்கள். நவம்பரில் பயத்தால் சொல்லவில்லை. டிசம்பரில் நீங்கள் கேஸ் வாங்கியிருந்ததால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விற்றிருப்பீர்கள், நான் விற்கச் சொன்னதற்குச் சமமாகியிருக்கும். அண்ணியையும் சொல்லவிடாமல் தடுத்தது நான்தான், அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். இப்போது உங்களிடம் ஒரு லாட்டும் இல்லை. அதனால் சொல்கிறேன். என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படுங்கள்.

அடுத்தது. நவம்பரில் யூனுஸ் அண்ணன் அவருடைய வாட்ஸ்அப் குழுவில், என் பெயரைப் போட்டு, ‘சிகாகோ நிபுணர் தன் அண்ணனுக்குச் சொன்ன ரகசியம், குளிர் கடுமை’ என்று அனுப்பியிருக்கிறார். அது கைமாறிக் கைமாறி எங்கள் கம்பெனிக்கே வந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதியிலிருந்து என்னை வேலையிலிருந்து ஒதுக்கி வைத்து விசாரிக்கிறார்கள். நான் சொன்னதாக முடிவானால் வேலை போகும். இந்தத் தொழிலில் வேறு எவரும் என்னை உள்ளே விடமாட்டார்கள். விசாரணை முடியும்வரை உங்களோடு எழுத்தில்தான் பேசலாம், நகல் அவர்களிடம் கொடுக்கவேண்டும் என்பது கம்பெனி வக்கீல் போட்ட நிபந்தனை. இதையும் அவர்கள் மொழிபெயர்த்துப் படிப்பார்கள்.

சொன்னதை நிரூபித்துவிடலாம். சொல்லாததை எப்படி அண்ணே நிரூபிப்பது? “தங்கச்சி சொல்லிட்டா” என்று சொன்னீர்களே, நான் எப்போது சொன்னேன்?

குந்தவை


மன்னார்குடி
ஜனவரி 27

என் பாப்பாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? என்ன சாப்பிடுகிறாய்? கால் வீங்கியிருக்கிறதா? பூர்ணிமா கேட்கச் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். சர்க்கரை 140. ராத்திரிச் சோறு இறங்கவில்லை, அதனால் குறைந்திருக்கிறது.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். தாய்மாமன் என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அதற்குக் கீழே படித்ததும் உட்கார்ந்தேன். நீ எப்போது சொன்னாய் என்று கேட்டிருக்கிறாய். நீ சொல்லவே இல்லை. நான்தான் பெருமைக்குச் சொன்னேன். பொய். அந்தப் பொய்க்கு உன் வேலையா?

நேரே யூனுஸ் ஆபீஸுக்குப் போனேன். எனக்கு நாற்காலி போட்ட அதே ஆட்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். “என் தங்கச்சி எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. கோட்டு வாங்குனேன்னு எழுதுனா, நானா குளிர்னு நெனச்சுக்கிட்டேன். அவ புள்ள உண்டாயிருக்கா. அந்த நல்ல சேதியச் சொன்னா நான் வித்துடுவேன்னு, அதக்கூட எங்கிட்ட மறைச்சிருக்கா” என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. யூனுஸ் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “நானும் எழுதித் தரேண்ணே” என்றான்.

இத்துடன் நான்கு சங்கதி வைத்திருக்கிறேன். நீ எனக்கு எழுதிய கடிதங்கள், உறையோடு. அதில் எவ்வளவு திட்டியிருக்கிறாய் என்று அந்த வக்கீல் படிக்கட்டும். யூனுஸின் கடிதம். என் கணக்கு முழுவதும், முத்திரை வைத்து. என்றைக்கு வாங்கினேன், எந்த விலைக்கு, எவ்வளவு போயிற்று, எல்லாம் இருக்கிறது. கடைசியாக உன் கம்பெனிக்கு நான் தமிழில் எழுதிய கடிதம். அதில் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறேன். “ஐயா, என் தங்கச்சி சொல்லியிருந்தால் நான் இப்படியா தோற்றிருப்பேன்?”

பஞ்சு சுற்றிய டப்பாவில் கண்ணாடி வளையல் இருக்கிறது. ஏழாம் மாதத்துக்கு அண்ணன் வீட்டுச் சீர். பூர்ணிமா எண்ணி வைத்தாள், இருபத்தொன்று.

வைரக்கண்ணு


சிகாகோ
பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். கால் கொஞ்சம் வீங்குகிறது. வயிற்றில் இருப்பவர் உதைத்துக்கொண்டே இருக்கிறார், மாமனைப்போலவே பொறுமை கிடையாது.

செப்டம்பரில் நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். அதில் இந்தக் குளிர்காலம் இதமாக இருக்கும் என்று போட்டிருந்தேன். ஆபீஸில் எட்டுப் பேரில் நான் ஒருத்திதான் அப்படிச் சொன்னது. மற்ற ஏழு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், அப்போதும் நான் மாற்றவில்லை. உங்கள் கணக்கைப் பக்கத்தில் வைத்தார்கள். நான் இதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், என் அண்ணன் கடும் குளிர் என்று வாங்கியிருக்கிறார். வக்கீல் அம்மாள் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். உங்கள் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் படித்ததும் அந்த அம்மாள் முதலில் சிரித்தார். அப்புறம் நீங்கள் இழந்த தொகை நம் ஊர்க் கணக்கில் எத்தனை வருடச் சம்பாத்தியம் என்று கேட்டார். சொன்னேன். அதையும் தாளில் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை திரும்ப வரச்சொல்லிவிட்டார்கள். வருத்தம் தெரிவித்து எழுதியும் கொடுத்தார்கள். வளையலில் இரண்டுதான் உடைந்திருந்தது. பத்தொன்பதையும் இரண்டு கையிலும் போட்டுக்கொண்டு, அந்தக் கருநீலக் கோட்டைப் பொத்தான் போடாமல் மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குள் நடந்தேன். நான் வருவது சத்தத்திலேயே கடைசி மேஜைவரைக்கும் கேட்டது. என்ன இது என்றவர்களிடமெல்லாம் சொன்னேன், “என் அண்ணன் அனுப்பியது” என்று.

வயலைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் திட்டுவீர்கள். ஆனால் ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

குந்தவை


மன்னார்குடி
மார்ச் 4

பாப்பாவுக்கு ஆயிரம் ஆசிகள்.

இவ்விடம் சுகம். சம்பா அறுவடை முடிந்தது, விளைச்சல் மோசமில்லை. சர்க்கரை 150. உன் கடிதத்தைப் பூர்ணிமா அவள் பள்ளிக்கூடத்திலும் நான் கடையிலும் வாசித்துக் காட்டிவிட்டோம். வளையல் போட்டுக்கொண்டு போன இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

வயல் போய்விட்டது. இளையபெருமாள் தை கடைசி நாள் வரைக்கும் எனக்காகக் காத்திருந்தார், அவரைக் குறை சொல்லக்கூடாது. பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட என்னையே கூப்பிட்டார். போனேன். ஏன் போகக்கூடாது? அந்த மண்ணைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் யார்?

கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது வாங்குகிறவருடைய மச்சினன் நாலு பேர் முன்னால் கேட்டான். “ஏன் சார், அமெரிக்காவுல அதே வேலையில தங்கச்சிய வெச்சுக்கிட்டு, நீங்க போயி கேஸுல ஏமாந்தீங்களாமே? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அந்தப் பொண்ணு?”

முன்னே என்றால் எனக்குத் தலை குனிந்திருக்கும். அன்றைக்கு நிமிர்ந்துதான் நின்றேன். “மத்தவங்க யாருக்கு வேணா சொல்லுவாங்க தம்பி. என் தங்கச்சி எனக்கே சொல்ல மாட்டா” என்றேன். பத்திர எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “தங்கச்சி சொல்லிட்டா” என்று சொன்ன அன்றைக்கு மீசைதான் மேலே போனது பாப்பா. இந்தத் தடவை பத்திர ஆபீஸில் எனக்கு நெஞ்சே நிமிர்ந்துவிட்டது. வெளியே வந்து ரோஸ்மில்க் வாங்கிக் குடித்தேன். பூர்ணிமாவிடம் சொல்லாதே, சர்க்கரை அதனால்தான் 150.

ஆறு மாவை விற்று உன்னை அனுப்பினேன். அது திரும்பி வரவில்லையே என்ற வருத்தம் எனக்கு இல்லை. அடுத்தவன் வரப்பில் இன்னும் முப்பது வருஷம் வேண்டுமானாலும் நடப்பேன்.

மார்ச் 31 தாண்டித்தான் ஃபோன் பண்ணவேண்டும். அதற்கு முன்னால் பண்ணினால் எடுக்கமாட்டேன், பேச்சு என்றால் பேச்சு. குழந்தை அதற்குள் அவசரப்பட்டால் மட்டும் முதல் ஃபோன் எனக்கு வரவேண்டும். அதற்கு உன் கம்பெனியில் அனுமதி வேண்டுமென்றால் இப்போதே எழுதிக் கேட்டு வாங்கி வை.

உன் அண்ணன்
வைரக்கண்ணு